கருப்பட்டிக் காப்பிக்கும் கணக்கு உண்டு!

"டாக்டரய்யா, சீனியை அடியோட விட்டுட்டேன். மூணு வேளையும் கருப்பட்டிக் காப்பிதான்!"

உச்சிப்புளியில் என்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகள் பலர், ஏதோ விரதம் இருந்ததுபோல் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அவர்களை மட்டும் குறை சொல்வதா? பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்து வந்த புதிதில், 'கருப்பட்டிதானே, சாப்பிடுங்க' என்று அனுப்பி வைத்தவன்தான் நானும். அந்தப் பேச்சை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பனையேறிகள் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் பதநீர் கள்ளாகிவிடும். அதில் முக்கியப் பங்கு ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் உயிருக்கு. அதன் சமர்த்தைக் கேளுங்கள்.

பதநீரின் இனிப்பில் பெரும்பகுதி சுக்ரோஸ். சீனியில் இருக்கிறதே, அதே சரக்கு! இன்வர்டேஸ் என்ற என்சைமைச் சுரந்து, சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துத்தான் ஈஸ்ட் சாப்பிடுகிறது. அந்த என்சைமைத் தயாரிக்க ஒரு ஜீன் வேலை செய்ய வேண்டும். சுற்றிலும் குளுக்கோஸ் தாராளமாகக் கிடந்தால், 'மிக்-1' என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய் அந்த ஜீனைப் பூட்டிவிடும். கையில் ரொக்கம் இருக்கும்போது உண்டியலை உடைப்பானேன்? குளுக்கோஸ் குறைந்ததும் 'ஸ்னஃப்-1' என்ற என்சைம் விழித்து, மிக்-1ஐ வெளியே அனுப்பும். பூட்டு திறந்துகொள்ளும். ஈஸ்டுக்கு மொத்தம் சுமார் 6,000 ஜீன்கள். அவற்றில் நூற்றுக்கணக்கானவை இப்படிச் சர்க்கரையைப் பார்த்தே கூடுவதும் அடங்குவதுமாக இருக்கின்றன.

நமக்கென்ன வந்தது என்கிறீர்களா? ஸ்னஃப்-1க்கு நம் செல்களில் ஒரு பங்காளி உண்டு. பெயர் ஏ.எம்.பி.கே. செல்லில் சக்தி குறையும்போது அது வேலைக்கு வந்து, சேமித்த கொழுப்பை எரிக்கச் சொல்லும். உங்களில் பலர் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரை அதைத் தூண்டவும் செய்கிறது. நாம் ஈஸ்ட் இல்லைதான். நமக்கு இன்சுலின் போன்ற ஹார்மோன்களும் உண்டு. ஆனால் செல்லுக்குத் தெரிவது குளுக்கோஸ் மட்டுமே. அது பனையிலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்று அது விசாரிப்பதில்லை.

கருப்பட்டியில் தாது உப்புகள் இருப்பதை நான் மறுக்கவில்லை. நோய் இல்லாதவர்கள் அளவாகச் சாப்பிடலாம். சர்க்கரை நோயாளிகள் அதையும் சீனிக் கணக்கிலேயே எழுதுங்கள். அதற்காக மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டாம். சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

மூன்று வேளைக்காரரிடம் இனிப்பில்லாத சுக்குமல்லிக் காப்பி குடிக்கச் சொன்னேன். மறுநாளே வந்துவிட்டார்.

"வாயில வைக்க முடியலய்யா!"

"ஒரு மாசம் குடிங்க. ரத்தத்தைச் சோதிச்சுட்டு அப்புறம் சண்டை போடுவோம்" என்று சொல்லியிருக்கிறேன்.