ஆம்பளைக்கு ஏது வயசு?

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் இல்லாத நாளைப் பார்ப்பது அபூர்வம். எமனைக் காலால் உதைத்து மார்க்கண்டேயனை என்றும் பதினாறாக ஈசன் நிறுத்தி வைத்த தலம் அது. போன வருஷம் அங்கே என் நண்பர் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். கலச நீர் தலையில் விழுந்ததும், காலையில் மீசைக்குத் தீட்டியிருந்த மை கரைந்து வாயோரமாக ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. மனைவி முந்தானையால் துடைத்துவிட்டார். “மாப்பிள்ளைக்கு வயசே தெரியலை” என்றது கூட்டம். ஈரப் புடவையில் நின்றிருந்த அந்த அம்மாவின் வயதை யாரும் கேட்கவில்லை. சடங்குக்கே அது வேண்டாம். கணக்கெல்லாம் புருஷன் வயதுக்குத்தான்.

“ஆம்பளைக்கு ஏது வயசு” என்று எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பேன்! சலூனில் கேட்டேன், கல்யாணப் பந்தியில் கேட்டேன், ஒருமுறை எல்.ஐ.சி. முகவர் வாயிலும். இதைப் போல ஆணைக் கெடுத்த பாராட்டு வேறில்லை.

ரஜினியைக் காட்டுவார்கள். 2023-ல் ‘ஜெயிலர்’ வந்தபோது அவருக்கு 72. சரி, அது அவர் தொழில். அதே மனிதர் பொது மேடைக்கு வழுக்கையோடும் நரைத்த தாடியோடும் வந்து உட்காருகிறாரே, அதை நகலெடுத்த ரசிகர் எத்தனை பேர்?

ரயிலில் 60 வயது ஆணுக்கு 40 சதவீதச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். இருந்த காலத்திலும் என் மாமா அதை வாங்கியதில்லை. கவுன்ட்டரில் பின்னால் நிற்பவன் காதில் வயது விழுந்துவிடுமாம். முழுக் காசையும் கொடுப்பார்.

காசு போனால் போகட்டும். எங்கள் நடைப்பயிற்சிக் கோஷ்டியில் எட்டுப் பேர். அரசியல், அகவிலைப்படி, மருமகன் என்று ஒன்றரை வருஷம் பேசித் தீர்த்தோம். ஒருநாள் ஒருவர் பூங்காக் கழிப்பறைக்கு மூன்றாம் முறை ஓடினார். அன்றைக்குத்தான் தெரிந்தது, ஐந்து பேர் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறவர்கள் என்று. நானும் அதில் ஒருவன். பிராஸ்டேட் சுரப்பி வயதோடு வீங்கிச் சிறுநீர்ப் பாதையை நெருக்குகிறது. பெரும்பாலும் அது புற்றுநோய் அல்ல. பலருக்கு மாத்திரையிலேயே கட்டுப்படும். ஆனால் டாக்டரிடம் வாயைத் திறக்க வேண்டுமே! எங்களில் ஒருவர் முற்றிலும் அடைத்துக்கொண்டு டியூப் போடும்வரை திறக்கவில்லை. வயசே ஆகாதவருக்கு வயசாளி வியாதி எப்படி வரும்?

இந்தியாவில் 2016–20 கணக்குப்படி ஆணின் சராசரி ஆயுள் 68.6, பெண்ணுடையது 71.4. வயதாகாதவர்தான் முதலில் போகிறார்.

“மனசு இளமையா இருந்தா என்னய்யா தப்பு?” என்பார்கள். மனசு இருக்கட்டும். அந்த இளமைக்கு வீட்டில் யார் வேலை பார்க்கிறார்கள்? எந்த மாத்திரை எப்போது, டாக்டரிடம் எந்தத் தேதி, எந்தப் பல்லில் வலி, இத்தனையும் மனைவி தலையில் இருக்கிறது. அவளுக்கும் மூட்டு வலி உண்டு. அதை வயசாயிடுச்சு என்று அவளே சொல்லிக்கொள்கிறாள். நமக்காகவும் சேர்த்து அவள் மூப்படைகிறாள் என்றுகூடச் சொல்லலாம். ஆம்பளைக்கு வயசாகாததன் ரகசியம் இவ்வளவுதான்.

ஊரைச் சொல்வானேன், நானே சாட்சி. மகள் பிரசவத்துக்கு மனைவி போன முதல் ராத்திரி, மேஜைமேல் மூன்று டப்பா. சர்க்கரைக்கு எது, பிரஷருக்கு எது, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா? பத்தே முக்காலுக்குப் போன் போட்டேன். பின்னணியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“ஒவ்வொண்ணுலயும் பெரிசா எழுதித்தானே ஒட்டியிருக்கேன்,” என்றாள். “கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க.”