வரி சேரும் இடம்

திருப்பூர் வியாபாரியிடம் இணையம் வழியே பனியன் வாங்கும் தாராவித் தமிழர் கட்டும் வரி எந்த மாநிலத்துக்குச் சேருகிறது? 2017 ஜூலைக்கு முன் வசூலான மத்திய விற்பனை வரி, சரக்கு புறப்பட்ட மாநிலத்துக்கே சென்றது. ஜி.எஸ்.டி. வந்தபின், பொருள் போய்ச் சேரும் மாநிலத்துக்கே அது உரியதாயிற்று. ரூ.500 பெறுமான ஆடைக்கு 5 சதவீத வரி ரூ.25. பாதி மத்திய அரசுக்கு; பாதி மகாராஷ்டிரத்துக்கு. அதே ஆடையை ஊரிலுள்ள பெற்றோரின் முகவரிக்கு நேரே அனுப்பச் சொன்னால், மாநிலப் பங்கு தமிழகத்துக்குப் போகும். பிழைக்க வந்தவர்கள்தானே என்று நம்மை ஒதுக்குவோர் இதை உணர வேண்டும். குடிநீரும் கழிப்பிடமும் நாம் உரிமையுடன் கேட்கலாம். அதற்கான பணத்தில் நம் பங்கும் உண்டு. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அதுவே சான்று.