கால் எரிச்சலும் அரைகுறை மருந்துச் சீட்டும்

சர்க்கரை நோய் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "பகல்ல ஒண்ணும் தெரியல, படுத்தா போதும், பாதம் ரெண்டும் எரியுது" என்பார்கள். ஈரத்துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு ஃபேனுக்கு நேராகக் கால் நீட்டிப் படுப்பவர்கள் உண்டு. போர்வை விளிம்பு பட்டாலே துடித்துப்போகிறவர்கள் உண்டு. நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடப்பது தெரியாமல் போவதும் இவர்களுக்குத்தான். உச்சிவெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றிவிட்டு வந்து, சாயங்காலம் உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்த்துத் திகைப்பார்கள். சூடும் தொடுதலும் தெரியாத அதே பாதத்தில் வலி மட்டும் குறையாமல் இருக்கிறது.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. இவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு நரம்பு வலி இருந்தாலும் அது லட்சக்கணக்கில் வரும். அக்கி வந்து ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரிகிறவர்கள், முகத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் வெட்டும் முக நரம்பு வலிக்காரர்கள் தனி. இத்தனை பேருக்கும் மாத்திரை இல்லாமல் இல்லை. அதைக் கொடுக்கும் முறையில்தான் கோளாறு.

கால் எரிகிறது என்று போனவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை. மூட்டு வீங்கினால், பல் வலித்தால் அது கேட்கும். வீக்கத்தைத் தூண்டும் ரசாயனங்களைக் குறைப்பது அதன் வேலை. இங்கே வலி பிறப்பது பழுதடைந்த நரம்பிலேயே. காரணம் எதுவும் இல்லாமல் நரம்பு தானாகச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கிறது. டைக்ளோஃபெனாக்கால் அதை அடக்க முடியாது. ஆனால், ஏற்கெனவே சர்க்கரையால் தளர்ந்த சிறுநீரகத்தை அது கெடுக்கும். மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லி இதை மாதக்கணக்கில் வாங்கி விழுங்குகிறவர்களை நினைத்தால் பதைக்கிறது.

அடுத்தது, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த "நரம்பு ஊசி", அதாவது பி12. மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது உண்மை. ரத்தத்தில் அளவு பார்த்து, குறைந்திருந்தால் ஊசி போடத்தான் வேண்டும். அளவு சரியாக இருப்பவருக்கு அதே ஊசியைத் தொடர்ந்து போடுவதில் வலிக்குப் பெரிய பயன் கிடையாது. பி6 சேர்ந்த சத்து மாத்திரையை அளவு மீறி நெடுநாள் சாப்பிட்டால் அதுவே நரம்பைப் பாதிக்கும்.

நரம்பு வலிக்கென்று உலகம் முழுக்க முதலில் எழுதப்படும் மருந்துகள் நான்கைந்துதான். அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின் இரண்டும் மனச்சோர்வுக்காக வந்தவை. காபாபென்டின் வலிப்புக்காக வந்தது, பிரீகாபாலின் அதன் தம்பி. முக நரம்பு வலிக்கு 1960-களிலிருந்தே கார்பமசெபின். அமிட்ரிப்டிலின் மனதைத் தேற்றித்தான் வலியைக் குறைக்கிறது என்ற எண்ணத்தை 1987-இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு உடைத்தது. மனச்சோர்வு அறவே இல்லாத சர்க்கரை நோயாளிகளுக்கும் அது வலியைக் குறைத்தது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கிவரும் வலித் தடுப்புப் பாதையை அது வலுப்படுத்துகிறது.

இவை அற்புத மருந்துகள் அல்ல. இதையும் நோயாளியிடம் சொல்லியாக வேண்டும். அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வந்த அலசல் ஒன்றின்படி, வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய, அமிட்ரிப்டிலின் வகையை ஏறத்தாழ 4 பேருக்கும், டுலோக்செட்டின் வகையை 6 பேருக்கு மேலும், பிரீகாபாலினை 8 பேருக்கும் தர வேண்டியிருந்தது. அமிட்ரிப்டிலின் பற்றிய பழைய ஆய்வுகள் சிறியவை என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாதுதான். 2022-இல் 130 சர்க்கரை நோயாளிகளை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு மூன்று மருந்துகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. எதில் தொடங்கினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது மேலும் குறைந்தது. பத்துக்குச் சராசரியாக 6.6 இருந்த வலி 16 வாரத்தில் 3.3 ஆனது. முழுக்கப் போகவில்லை, ஆனால் பாதியாகக் குறைந்த வலியோடு ஒரு மனிதர் தூங்க முடியும்.

அந்த ஆய்வில் மருந்தை மெல்ல மெல்ல ஏற்றினார்கள், திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். நம் ஓ.பி.யில் விடுபட்டுப்போவது அதுதான். அறுபத்தைந்து வயது அம்மா ஒருவருக்கு முதல் நாளே பிரீகாபாலின் 75 மில்லிகிராம் காலையும் இரவும் என்று சீட்டு எழுதப்படுகிறது. கிறுகிறுப்பு வரும் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாத்திரை அட்டை அலமாரிக்குப் போய்விடுகிறது. அமிட்ரிப்டிலின் என்றால் வேறு கதை. மகன் செல்போனில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது மனநோய் மாத்திரை, வேணாம்" என்கிறார். 10 மில்லிகிராமில் தொடங்கி, இரவு படுக்கப்போகும் முன் போட்டு, வாரம் ஒருமுறை ஏற்றிக்கொண்டு போனால், வாய் உலர்வதும் மந்தமும் பலருக்குப் பொறுத்துக்கொள்ளக் கூடியவையே. பலன் தெரிய சில வாரம் ஆகும் என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவர் சொல்லியிருந்தால் அந்த அட்டை அலமாரிக்குப் போயிருக்காது.

கூட்டு மாத்திரைகள் இதை இன்னும் சிக்கலாக்குகின்றன. பிரீகாபாலினோடு பி12-ஐ, அல்லது அமிட்ரிப்டிலின் வகையைச் சேர்ந்த நார்ட்ரிப்டிலினைச் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கிறார்கள். ஒன்றை ஏற்றினால் மற்றதும் ஏறும். கால் வீங்கினாலோ சிறுநீர் அடைத்தாலோ எதை நிறுத்துவது? சிறுநீரகம் தளர்ந்தவருக்கு பிரீகாபாலின் அளவைக் குறைக்க வேண்டும். புராஸ்டேட் வீங்கிய பெரியவருக்கும் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவருக்கும் அமிட்ரிப்டிலின் ஆகாது. ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டிய அளவை அச்சில் வார்த்துக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தொடக்கத்திலாவது தனி மாத்திரைதான் எழுத வேண்டும்.

போதைப் பயமும் இருக்கிறது. பிரீகாபாலினையும் காபாபென்டினையும் பிரிட்டன் 2019 ஏப்ரலில் கட்டுப்பாட்டு மருந்துகள் பட்டியலில் சேர்த்தது; தவறான பயன்பாடு அங்கே அவ்வளவு கூடியிருந்தது. இங்கேயும் சீட்டில்லாமல் விற்கும் கடைகளைப் பிடிக்க வேண்டும். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் மூச்சு மந்தப்படும், திடீரென நிறுத்தக் கூடாது என்பதை நோயாளியிடம் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுப்பாடு உண்மையான வலிக்காரரைக் கடை வாசலிலிருந்து விரட்டுவதாக மட்டும் ஆகிவிடக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகச் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். மாத்திரை தரும்போது "ராத்திரி கால் எரியுதா, மதமதன்னு இருக்கா?" என்று கேட்க முடியும். ஆமாம் என்பவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால், அங்கே 10 கிராம் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குச் சில நிமிடம்தான். சிறுநீரக நிலையை அறிய ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துவிட்டு மருத்துவர் மருந்தைத் தொடங்கலாம். தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள அமிட்ரிப்டிலின் விலை மலிவானது. 10 மில்லிகிராம் மாத்திரை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தால் முடியும்.

மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பார்கள். நிஜம்தான். ஆனால் இரண்டாவது வாரம் போய்க் கிறுகிறுப்பு உண்டா, மலச்சிக்கல் உண்டா, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு நோட்டில் குறிக்க மருத்துவர் வேண்டாம். பயிற்சி பெற்ற செவிலியரோ தன்னார்வலரோ குறித்துக் கொடுத்தால், அதைப் பார்த்து அளவை ஏற்றுவதா நிறுத்துவதா என்று மருத்துவர் முடிவு செய்யலாம். ஏற்கெனவே வீடு வீடாக அலைகிற அந்தத் தன்னார்வலர்களிடம் இந்த வேலையையும் கேட்பதென்றால், அவர்களுடைய ஊக்கத்தொகையை உயர்த்திக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.