கரசேவை என்றால் இடிப்பதா?

போன வாரம் ஒரு கல்யாண ரிசப்ஷன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலைக்காரர், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் ஒரு சர்தார்ஜி ஜோக் சொன்னார். அதே ஜோக்கை இருபது வருஷத்துக்கு முன்னால் எஸ்.எம்.எஸ்.ஸில் படித்திருக்கிறேன். இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. போன் மாறிவிட்டது, சர்தார்ஜி மாறவில்லை. இந்த ஜோக்குகளைத் தடை செய்யுங்கள் என்று சிலர் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். குடிமக்களுக்கு ஒழுக்க விதி எழுதுவது எங்கள் வேலை இல்லை என்று 2017-ல் கோர்ட் சொல்லிவிட்டது. சரியாகத்தான் சொன்னது. ஜோக்கைத் தடை செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

என் புகார் ஜோக் பற்றியது அல்ல. அவர் சிரித்து முடித்ததும் சும்மா ஒரு கேள்வி கேட்டேன். "கரசேவைன்னா என்ன சார்?"

மனிதர் யோசிக்கவே இல்லை. "பாபர் மசூதியை இடிச்சாங்களே, அது."

அவர் பேங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். தினம் இரண்டு பேப்பர் படிக்கிறவர். படித்ததால் வந்த வினைதான் அது. 1992 டிசம்பரில் நான் பள்ளிக்கூடப் பையன். கொட்டை எழுத்தில் வந்த அந்த வார்த்தையை நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். கரசேவகர் என்றால் கடப்பாரை. என்னைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் உங்களுக்குச் செய்த உபகாரம் இது.

பஞ்சாபியில் அந்தச் சொல் 'கார் சேவா'. கார் என்றால் வேலை. நாம் அதைக் 'கர' என்று குறுக்கி, கையாக்கிவிட்டோம். ஊரே கூடி, கூலி வாங்காமல், குளத்தைத் தூர் வாருவதற்குச் சீக்கியர்கள் வைத்த பெயர் அது. நம் ஊர் ஏரியில் ஒரு காலத்தில் நடந்ததேதான். 1923-ல் அமிர்தசரஸ் ஹர்மந்திர் சாஹிபின் குளத்தை அப்படித் தூர் வாரினார்கள். பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே வரிசையில் சேற்றுக் கூடை சுமந்தார்கள். சேற்றைச் சுமப்பதற்கான சொல்லை இரவல் வாங்கிக்கொண்டுபோய், இன்னொருவர் வழிபட்ட கட்டடத்தை இடிக்கப் பயன்படுத்தினார்கள். இரவல் வாங்கியவர்கள் சொல்லைத் திருப்பித் தரவே இல்லை.

'அவர்களும்தானே இடித்தார்கள்?' என்று விவரம் தெரிந்த யாராவது கேட்பீர்கள். ஆமாம், இடித்தார்கள். எதை, ஏன் என்று கேளுங்கள்.

1984 ஜூனில் ராணுவம் பொற்கோயிலுக்குள் நுழைந்தபோது, குளத்துக்கு எதிரே இருக்கும் அகால் தக்த் சின்னாபின்னமானது. மத்திய அரசு ஒரு நிஹாங் தலைவரை முன்னால் நிறுத்தி, அவசர அவசரமாக அதைத் திரும்பக் கட்டிக் கொடுத்தது. அதற்கும் 'கார் சேவா' என்றே பெயர் வைத்தது. சர்க்கார் பணம், கான்ட்ராக்ட் வேலை, பெயர் மட்டும் சேவை! சீக்கியர்கள் ஏற்கவில்லை. 1986-ல் அந்தப் புத்தம்புதுக் கட்டடத்தைத் தாங்களே பிரித்துப் போட்டுவிட்டு, தங்கள் கையால், தங்கள் காசில் மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். ஒரு சொல்லின் அர்த்தத்தைக் காப்பாற்ற ஒரு கட்டடத்தையே பலி கொடுத்தவர்கள். நல்ல கட்டடத்தை இப்படியா வீணாக்குவது என்று எனக்குள் இருக்கும் பி.காம். முணுமுணுக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

பி.காம். என்றதும் ஞாபகம் வருகிறது. சீக்கிய மதத்தின் முக்கியமான சொற்களைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள், பாதி கணக்குப் புஸ்தகத்திலிருந்து வந்திருக்கும். ஆச்சரியமில்லை. குரு நானக்கின் அப்பா கிராமக் கணக்கர், நம்ம ஊர் கணக்குப்பிள்ளை மாதிரி. நானக்கும் சுல்தான்பூரில் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். ஜன்ம்சாகி கதைகளில் ஒன்று: அப்பா இருபது ரூபாய் கொடுத்து, 'போய் லாபமாக ஏதாவது வாங்கி வா' என்கிறார். வழியில் பசித்திருந்த சாதுக்களுக்கு மொத்தப் பணத்துக்கும் சாப்பாடு போட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறார் பையன். இதுதான் 'சச்சா சௌதா', அதாவது உண்மையான வியாபாரம். கிடங்கில் தானியம் அளக்கும்போது பதிமூன்றைத் தாண்டவே மாட்டாராம். பஞ்சாபியில் 'தேரா' என்றால் பதிமூன்று. 'உன்னுடையது' என்றும் அர்த்தம். 'தேரா, தேரா' என்று அளந்து போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கிடங்கைக் காலி பண்ணுகிறான் என்று புகார் போய், கணக்குத் தணிக்கை நடந்தது. ஒரு பைசா குறையவில்லை. ஆடிட்டர்கள் இதை நம்ப மாட்டார்கள். பரவாயில்லை, கதைதான்.

இன்றைக்குச் 'சச்சா சௌதா' என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? தேரா சச்சா சௌதா. 2017-ல் பாலியல் வன்கொடுமை வழக்கில் 20 வருஷம் சிறைத் தண்டனை பெற்ற சாமியார். தீர்ப்பு வந்த அன்று நடந்த கலவரத்தில் முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். அந்த ஆசிரமத்தோடு எந்தத் தொடர்பும் கூடாது என்று 2007-லேயே அகால் தக்த் சீக்கியர்களுக்கு உத்தரவு போட்டிருந்தது. அது நம் பேப்பரில் எந்த மூலையில் வந்ததோ!

'கால்சா'வுக்கு வாருங்கள். 'தூயவர்கள்' என்று பொதுவாக எழுதுவோம். தப்பில்லை. ஆனால் மொகலாயர் வருவாய்த் துறையில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலை இருந்தது. நடுவில் ஜாகீர்தார் யாரும் இல்லாமல், வரி நேராக அரசாங்கக் கஜானாவுக்குப் போகும் நிலம் 'காலிசா'. இதை வைத்துக்கொண்டு பார்த்தால் குரு கோவிந்த் சிங் செய்தது சட்டென்று புரியும். சீக்கியர்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பார்கள். அதற்குத் 'தஸ்வந்த்' என்று பெயர். வசூலித்து வர 'மசந்த்' என்று ஏஜென்ட்டுகள் இருந்தார்கள். ஏஜென்ட்டுகள் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள். பணம் பாதி வழியிலேயே கரைந்தது. அவர்களே குட்டி குருக்கள் ஆனார்கள். குரு அந்த முறையையே ஒழித்துக்கட்டினார். இனி நீங்கள் கால்சா, உங்களுக்கும் எனக்கும் நடுவில் யாரும் கிடையாது என்றார். 1699 வைசாகியில், ஆனந்த்பூரில், தலை கொடுக்க முன்வந்த முதல் ஐந்து பேரில் பீதரிலிருந்து வந்த நாவிதர் ஒருவர், பூரியிலிருந்து வந்த தண்ணீர் சுமப்பவர் ஒருவர். அவர்களுக்கு அமிர்தம் கொடுத்த குரு, பிறகு அவர்கள் கையாலேயே தானும் வாங்கிக் குடித்தார். நமக்கோ கால்சா என்றால் காலிஸ்தான். 2020-ல் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்ததும் டி.வி.க்காரர்கள் எவ்வளவு சுலபமாக அந்த முத்திரையைக் குத்தினார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

'தன்கா' இன்னும் வேடிக்கை. ஹிந்தியில் அது சம்பளம். சீக்கியர்களிடம் அது தண்டனை! எதிரி அரசிடம் சம்பளம் வாங்கியவனைத் திட்டப் பிறந்த சொல் என்று ஒரு விளக்கம் உண்டு. தண்டனை என்றதும் சவுக்கடி என்று நினைக்காதீர்கள். கோயிலுக்கு வருகிறவர்களின் செருப்பைத் துடை, சாப்பிட்ட தட்டைக் கழுவு. அவ்வளவுதான். இதை அனுபவித்த ஒருவரை உங்களுக்குத் தெரியும். சுர்ஜித் சிங் பர்னாலா, நம் மாநிலத்துக்கு இரண்டு தடவை கவர்னராக இருந்தவர். 1991-ல் தி.மு.க. ஆட்சியைக் கலைக்க அறிக்கை தர மறுத்து, பீகாருக்கு மாற்றியபோது பதவியையே உதறிய அதே மனிதர். பஞ்சாப் முதல்வராக இருந்தபோது, 1986-ல் பொற்கோயிலுக்குள் போலீஸை அனுப்பினார். சமூகத்திலிருந்து விலக்கினார்கள். 1988-ல் கழுத்தில் அட்டையோடு அகால் தக்த் முன்னால் போய் நின்று, பாமர ஜனங்களின் செருப்பைத் துடைத்தார். எனக்கு இதில் முழு சம்மதம் கிடையாது. துப்பாக்கியோடு கோயிலுக்குள் ஒளிந்தவர்களைப் பிடிக்க போலீஸை அனுப்பியது முதல்வர் வேலை, அதற்கு மன்னிப்பு எதற்கு என்றுதான் கேட்பேன். இருந்தாலும், ஒரு மாஜி முதல்வரைச் செருப்பு துடைக்க வைக்கிற சபை நம்மிடம் ஒன்றாவது உண்டா?

இனி சாப்பாடு. லங்கர் என்பது அன்னதானம் என்று நாம் மொழிபெயர்க்கிறோம். அன்னதானத்தில் போடுகிறவன் கை மேலே இருக்கும், வாங்குகிறவன் கை கீழே. லங்கரில் முக்கியமான சொல் 'பங்கத்'. அதாவது பந்தி. நம்ம பந்தியின் சொந்தக்காரச் சொல்தான். மூன்றாம் குரு அமர்தாஸ் கோயிந்த்வாலில் போட்ட விதி: முதலில் பந்தியில் உட்கார், அப்புறம்தான் என்னைப் பார்க்கலாம். அக்பர் பாதுஷாவும் உட்கார்ந்துதான் பார்த்தார் என்பது அவர்கள் மரபு. பசியைத் தீர்ப்பது பாதி நோக்கம்தான். பக்கத்தில் உட்காருகிறவன் யார் என்று கேட்க முடியாதபடி செய்வது மீதிப் பாதி. இதே காலத்தில் நம் பக்கத்துப் பந்திகளில் யாரை எங்கே உட்கார வைத்தோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த லங்கர் ஒரு தடவை நமக்காக மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்திருக்கிறது. 1924, வைக்கம். கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம். பெரியார் போய் ஜெயிலுக்குப் போன அதே போராட்டம். பஞ்சாபிலிருந்து அகாலிகள் வந்து, சத்தியாக்கிரகிகளுக்கு இலவசச் சமையற்கூடம் திறந்தார்கள். காந்திக்குப் பிடிக்கவில்லை. இது இந்துக்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், வெளியார் சாப்பாடு போடுவது தப்பு என்றார். சமையற்கூடம் மூடப்பட்டது. காந்தி மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனால் இந்த இடத்தில் அவர் செய்தது எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை. சோறு போட வந்தபோது 'நீ வெளியாள்' என்றார்கள். 1950-ல் அரசியல் சட்டம் வந்தபோது, 25-ம் பிரிவின் விளக்கத்தில், கோயில் திறப்பு விஷயத்தில் இந்து என்ற சொல்லில் சீக்கியரும் அடக்கம் என்று எழுதிக்கொண்டோம். கிர்பான் வைத்துக்கொள்ளும் உரிமையும் அதே 25-ம் பிரிவில்தான் இருக்கிறது. ஏர்போர்ட்டில் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் ஒருதரம் புரட்டிப் பார்க்கலாம்.

இவ்வளவு நேரம் நம்மைத் திட்டினேன். பஞ்சாபை விட்டுவிட்டால் நான் எழுதுவது கட்டுரை ஆகாது, சுற்றுலாத் துறை விளம்பரம் ஆகிவிடும்.

சாதி இல்லை என்ற மதம் அது. ஆனால் 1950-ல் தாழ்த்தப்பட்டோர் பட்டியல் வந்தபோது மஜ்பி, ராம்தாசி, கபீர்பந்தி, சிக்லிகர் என்று நான்கு சீக்கிய சாதிகள் அதில் இருந்தன. அந்த ஏழைகளுக்குச் சலுகை அவசியம்தான், மறுக்கவில்லை. 'எங்களிடம் சாதி இருக்கிறது' என்ற ஒப்புதல் வாக்குமூலமும் அதற்குள் இருக்கிறது என்கிறேன். 2011 சென்சஸ்படி பஞ்சாப் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட 32 சதவிகிதம் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர். வேறு எந்த மாநிலத்திலும் இந்த அளவு கிடையாது. நிலமோ பெரும்பாலும் ஜாட் சீக்கியர்கள் கையில். பல கிராமங்களில் தனி குருத்வாரா, தனிச் சுடுகாடு.

1920 அக்டோபர் 12-ம் தேதி, தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து புதிதாகச் சீக்கியரானவர்கள் கடா பிரசாதம் எடுத்துக்கொண்டு ஹர்மந்திர் சாஹிபுக்குப் போனார்கள். பூசாரிகள் வாங்க மறுத்தார்கள். வாக்குவாதம். கடைசியில் கிரந்தத்தையே திறந்து கேட்டுவிடுவோம் என்று முடிவானது. திறந்த பக்கம் வந்தவர்களுக்குச் சாதகமாக இருந்தது. பிரசாதத்தை வாங்கிக்கொண்டார்கள். வந்தவர்கள் அங்கிருந்து எதிரே அகால் தக்துக்குப் போனபோது, அங்கிருந்த பூசாரிகள் இடத்தைக் காலி பண்ணிவிட்டு ஓடிப்போனார்கள். குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி கமிட்டி பிறந்ததற்கு அந்த நாள்தான் தொடக்கம்.

எண்பத்து மூன்று வருஷம் கழித்து, 2003-ல், ஜலந்தர் பக்கத்தில் தல்ஹன் என்ற கிராமம். காணிக்கை நிறையச் சேருகிற ஒரு வழிபாட்டுத் தலம். அதன் நிர்வாகக் குழுவில் எங்களுக்கும் இடம் கொடுங்கள் என்று தலித்துகள் கேட்டார்கள். அவர்களை ஊரே சேர்ந்து ஒதுக்கி வைத்தது. அடிதடி, போலீஸ், கலவரம். குருவும் கணக்குக் கேட்டுத்தானே மசந்துகளைத் துரத்தினார்? தல்ஹன்காரர்கள் கேட்டதும் அந்த உண்டியலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலிதான்.

இதையெல்லாம் பந்தியில் சொல்ல நேரமில்லை. பாயசம் வந்துவிட்டது. இலையை மடித்துக்கொண்டே பேங்க் மேனேஜர் கேட்டார், "பர்னாலா நிஜமாவே செருப்பு துடைச்சாரா சார்?"