ஸ்பானருக்குப் பொட்டு, பிடிக்கிறவனுக்கு "டேய்"

"இன்ஜினியரிங் படிச்சுட்டு நீ போய் இதெல்லாம் பண்ணலாமா?"

காரோட வாட்டர் பம்ப்பை வீட்டு வாசல்லயே கழட்டி மாத்தினேன்னு சொன்னதும் சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட ஆணி புடுங்குறவங்க, எதிர்வீட்டு மாமான்னு ஆள் மாத்தி ஆள் கேட்ட கேள்வி இது. கொஞ்சம் உத்துப் பாருங்க மக்களே. இன்ஜினியரிங் படிச்சதால பண்ணலாம்னு ஒருத்தர்கூட சொல்லலை. படிச்சதால பண்ணக் கூடாதாம்! டாக்டருக்குப் படிச்சவரைப் பார்த்து "நீங்க போய் ஊசி போடலாமா?"ன்னு எவனாவது கேப்பானா?

அதனால இது காசு மிச்சம் பிடிக்க டிப்ஸ் குடுக்கிற பதிவு இல்லை. இந்தக் கேள்வியோட சண்டை போடத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒண்ணு. வாட்டர் பம்ப் பிரம்ம ரகசியம் எதுவும் இல்லை. நம்ம ஊர் கெணத்துல ஓடுற கோயம்புத்தூர் மோட்டாருக்குத் தம்பி முறை. ஒரு ஷாஃப்ட், ஒரு முனையில இம்பெல்லர், இன்னொரு முனையில பெல்ட் ஓடுற புல்லி, நடுவுல பேரிங், தண்ணி பேரிங் பக்கம் போகாம தடுக்க ஒரு சீல். அவ்வளவுதான். சீல் ஒருநாள் தேயும்னு தெரிஞ்சே பம்ப் உடம்புல சின்னதா ஒரு ஓட்டையும் விட்டிருப்பாங்க. வீப் ஹோல்னு பேரு. அது வழியா கூலன்ட் ஒழுகினா, சீல் போச்சு, அடுத்தது பேரிங்னு வண்டியே உங்களுக்குச் சொல்லுது. கண்டுக்காம ஓட்டினா இன்ஜின் கொதிச்சு, அலுமினிய ஹெட் வளைஞ்சு, ஹெட் கேஸ்கட்டும் போகும். சின்ன செலவு இன்ஜின் வேலையா மாறும்.

என் வண்டியிலயும் இதே கதைதான். ஒரு சர்வீஸ் சென்டர்ல காட்டினேன். பானெட்டைத் திறந்து அரை நிமிஷம்கூட பார்க்காம "பம்ப், ரேடியேட்டர், ஹோஸ், தெர்மோஸ்டாட் எல்லாமே மாத்திடலாம் சார்"னு ஒரு பட்டியல் நீட்டினாங்க. டார்ச் அடிச்சுப் பார்த்தா ரேடியேட்டர் காய்ஞ்சு கிடக்கு, வீப் ஹோலுக்குக் கீழ மட்டும் கூலன்ட் காய்ஞ்ச கறை. பம்ப், கேஸ்கட், கூலன்ட் மூணையும் வாங்கிட்டு வந்து ஒரு சனிக்கிழமை உக்காந்தேன். லேட்டா சாப்பிட்டேன், அதுதான் நஷ்டம்.

வெளிப்பக்கம் இருக்கிற பெல்ட்ல ஓடுற பம்ப்னா வேலை இவ்வளவுதான். இன்ஜின் நல்லா ஆறட்டும். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தா பிரஷர்ல இருக்கிற கொதிதண்ணி முகத்துல அடிக்கும், விளையாட்டு இல்லை. பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, அடியில ஒரு டப் வெச்சு கூலன்டை இறக்குங்க. பெல்ட் இறுக்கமா இருக்கும்போதே புல்லி போல்ட்டை எல்லாம் இளக்கிடுங்க, பெல்ட் போயிட்டா புல்லி கூடவே சுத்தி உயிரை எடுக்கும். அப்புறம் பெல்ட், புல்லி, பம்ப்னு வரிசையா வெளிய வரும். போல்ட் ஒவ்வொண்ணும் ஒரு நீளத்துல இருக்கலாம். ஒரு அட்டையில பம்ப் படம் வரைஞ்சு எது எங்க இருந்துச்சோ அங்கயே குத்தி வைங்க. பழைய கேஸ்கட்டை அலுமினியத்துல கீறல் விழாம சுரண்டணும். புதுசு வெச்சு போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும்.

இங்கதான் விஷயமே இருக்கு. சின்ன எம்6 போல்ட்டுக்கு டார்க் 10 நியூட்டன் மீட்டர் பக்கத்துலதான் இருக்கும். உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல பாருங்க. நாலு வருஷம் பரீட்சையில டார்க் ஃபார்முலா எழுதி மார்க் வாங்கியிருக்கேன். 10 நியூட்டன் மீட்டர்னா மணிக்கட்டுக்கு எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. நம்ம ஊர் மெக்கானிக்குகள்ல முக்கால்வாசிப் பேருக்கு அது டார்க் ரெஞ்சு இல்லாமலே தெரியும். அவங்களைத்தான் நாம "படிக்காதவன்"னு சொல்றோம்.

ஃபர்ஸ்ட் இயர்ல ஒர்க்ஷாப் பிராக்டிஸ்னு ஒண்ணு எல்லாருக்கும் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? அரத்தால இரும்பை ராவணும், மரத்தை இழைக்கணும், வெல்டிங் வைக்கணும். கம்ப்யூட்டர் பசங்களுக்கு எதுக்குடா இதெல்லாம்னு ரெக்கார்டை காப்பியடிச்சோம், எவனோ ராவின பீஸைக் காட்டி மார்க் வாங்கினோம்னு பெருமை பேசாத பேட்ச் உண்டா? கையில அழுக்குப் படாம இன்ஜினியர் ஆகிடணும், அதான் கனவு.

இந்தக் கனவு காலேஜ்ல பொறந்தது இல்லை. அழுக்குப் படுற வேலைக்கு ஒரு சாதி, படாத வேலைக்கு இன்னொரு சாதின்னு பிரிச்சு வெச்ச ஊர் இது. இப்போ நாகரிகமா "ஒயிட் காலர்"னு சொல்லிக்கிறோம், அவ்வளவுதான். ஆயுத பூஜை அன்னிக்கு ஸ்பானருக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைப்போம். அந்த ஸ்பானரை வருஷம் பூரா பிடிக்கிறவருக்கு அம்பது வயசானாலும் "மெக்கானிக் பையன்". வீட்டுக்கு வந்தா வாசல்ல நிக்க வெச்சே பேசி அனுப்புவோம்.

ஜி.டி. நாயுடுவை எல்லாருக்கும் தெரியும். 1893ல பொறந்தவர், பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில விட்டவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரிகிட்ட இருந்து ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு அக்கா பிரிச்சு மறுபடி பூட்டித்தான் தொழில் கத்துக்கிட்டார். அவர் பேர்ல பேச்சுப்போட்டி வைக்க மட்டும் நாம ரெடி. நம்ம வீட்டுப் பையன் சைக்கிளைப் பிரிச்சா "போய்ப் படிடா"ன்னு முதுகுல ஒண்ணு வைப்போம்.

இனி வழக்கமான கேள்விகள்.

"என் ஒரு மணி நேரச் சம்பளத்துக்கு மெக்கானிக் கூலியே கம்மி." சரிங்க. அந்தச் சனிக்கிழமை காலையில உங்க கம்பெனி உங்களுக்குச் சம்பளம் குடுத்துச்சா? சீரியல் பார்க்கும்போது மட்டும் இந்தக் கணக்கு எங்க போகுது?

"மெக்கானிக் பொழப்புல மண்ணைப் போடுறியா?" நியாயமான கேள்வி. ஆனா கூலியில நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுறது யாரு? ஒரு துருப்பிடிச்ச போல்ட்டோட அரை மணி நேரம் மல்லுக்கட்டாதவங்கதான். ஒருதடவை முட்டியைப் பேத்துக்கிட்டவன் வாயைத் திறக்காம கேட்டதைக் குடுப்பான். பானெட்டைத் திறந்து பார்க்காமலே பட்டியல் நீட்டுறவங்களுக்கும், பார்த்துட்டு "சீல் மட்டும்தான் சார் போயிருக்கு"ன்னு சொல்ற தெருமுனை மெக்கானிக்குக்கும் வித்தியாசமும் அவனுக்குத்தான் தெரியும்.

"இப்போ வர்ற வண்டி எல்லாம் கம்ப்யூட்டர், நாம கை வைக்க முடியாது." கரண்ட்ல ஓடுற பம்ப் வெச்ச ஹைப்ரிட் வண்டிகள் உண்டுதான். ஆனா பெல்ட்ல ஓடுற பம்ப் இருக்கிற வண்டி ரோட்டுல இன்னும் ஏகப்பட்டது. ஒண்ணை மட்டும் ஒத்துக்கறேன். உள்ள இருக்கிற டைமிங் பெல்ட்டே பம்ப்பைச் சுத்துற வண்டின்னா கத்துக்காம தொடாதீங்க. டைமிங் ரொம்பத் தப்பினா சில இன்ஜின்கள்ல வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். அதை நல்ல மெக்கானிக்கிட்ட குடுங்க, ஸ்டூல் போட்டு உக்காந்து பாருங்க. முக்கியமா அவரை "அண்ணே"ன்னு கூப்பிடுங்க.

எல்லாரும் மெக்கானிக் ஆகணும்னு நான் சொல்லலை. வருஷத்துக்கு ஒரு வேலையாவது சொந்தக் கையால பண்ணுங்க, முடியாததுக்கு முழுக்கூலி மரியாதையோட குடுங்கன்னுதான் சொல்றேன். இதுல மாற்றுக்கருத்து உள்ளவங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம். அனானிகளுக்கும் கதவு தொறந்தே இருக்கு :-)

டிஸ்கி 1: தண்ணி குறைஞ்சா போர் தண்ணியை ஊத்திச் சமாளிக்காதீங்க, உள்ள உப்புப் படியும், துருப் பிடிக்கும். பம்ப் மாத்தினதும் உங்க வண்டிக்குச் சொன்ன கூலன்டை ஊத்துங்க. அடர்த்தியா வாங்கினதுன்னா பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். ஹீட்டரை ஃபுல்லா வெச்சு, தெர்மோஸ்டாட் திறக்கிற வரைக்கும் ஓடவிட்டு காத்தை வெளியேத்துங்க. மறுநாள் காலையில ஆறின வண்டியில அளவு பாருங்க.

டிஸ்கி 2: இறக்கின பழைய கூலன்டை சாக்கடையில ஊத்தாதீங்க, திறந்தும் வைக்காதீங்க. எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும். தெரு நாய் நக்கினா செத்துப் போகும்.