எலும்பு அறிந்த உயரம்

உயரம் கூட்டுவதாக விற்கப்படும் மாவுகளில் நம் மாணவர்கள் காசைக் கரைப்பது கண்டு வருந்துகிறோம். நீண்ட எலும்புகளின் முனைகளில் அமைந்த குருத்தெலும்புத் தட்டுகளே உயரம் விளையும் வயல்கள். ஆண், பெண் இருபாலரிடத்தும் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் அத்தட்டுகளை முற்றச் செய்து எலும்பாக்கிவிடுகிறது. பெண்களுக்குப் பெரும்பாலும் 16 வயதிற்குள்ளும், ஆண்களுக்கு 18 வயதையொட்டியும் இது நிகழும். அதன்பின் மாவும் மாத்திரையும் உயரம் தாரா; அறுவடை முடிந்த வயலுக்கு நீர் பாய்ச்சி என் பயன்?

உயரத்தின் பெரும்பங்கு மரபுவழியது. எஞ்சியது பெரும்பாலும் வளரும் பருவத்து உணவும் உடல்நலமும். மகனுக்கு முட்டையும் மகளுக்கு மிச்சமும் வைக்கும் இல்லங்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெரியோர் கடமை அங்குள்ளது. இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம்: தொழுகை அணியில் நெடியவரும் குறியவரும் தோளோடு தோள் நிற்கின்றனர், அங்கு எவரும் உயரம் அளப்பதில்லை.