தோற்ற நேர்முகப் பரீட்சையின் கணக்கு எங்கே?

உரும்பராயிலோ புன்னாலைக்கட்டுவனிலோ ஒரு தோட்டத்தில் வெங்காயம் அழுகிவிட்டதென்றால், அன்று மாலைக்குள் அயலெல்லாம் அச்செய்தியை அறியும். கமக்காரன் அதற்காக வெட்கப்படுவதில்லை. அழுகிய பயிரை வேரோடு பிடுங்கி வரம்பிலே வைத்து, விதையின் குற்றமா, நீரின் குற்றமா, உரத்தின் குற்றமா என்று நால்வரைக் கேட்பான். அவர்களுக்கும் விளங்காவிடின் திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துச் செல்வான். அதே கமக்காரனின் மகன் கொழும்புக்குச் சென்று நேர்முகப் பரீட்சையொன்றில் தவறித் திரும்பினால் மட்டும் வீடு கதவைச் சாத்திக்கொள்கிறது. எப்படி நடந்தது என்று கேட்போருக்கு, “முடிவு பிறகு அறிவிப்பார்களாம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று பழமொழி கண்ட நாடு இது. உத்தியோகத்தைக் குடும்பத்தின் மானமாகக் கருதியதால், அது கிடையாமற் போவது குடும்பத்தின் மானக்கேடு ஆயிற்று. ஆனால் எழுத்துப் பரீட்சையில் நாம் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. க.பொ.த. உயர்தரத்துக்குப் படிக்கும் எந்த மாணவனின் மேசையிலும் பத்தாண்டு வினாத்தாள்கள் கட்டாக இருக்கும். எவ்வினா எவ்வாண்டில் வந்தது, எவ்விடத்தில் புள்ளி குறைந்தது என்பதை ஆசிரியர் விரல்விட்டுச் சொல்வார். நேர்முகப் பரீட்சையில் நம் பிள்ளைகளிடம் கேட்கப்பட்ட வினாக்களை எவரேனும் சேர்த்து வைத்திருக்கிறார்களா? பல்கலைக்கழகத்தில் தொழில் வழிகாட்டல் அலகு உண்டு. ஆயினும் தோற்றவன் வாய் திறவாவிடின் அவ்வலகு எதைக் கொண்டு வழிகாட்டும்?

வாய் திறந்து சொன்ன சிலரின் அநுபவங்களை நாம் கேட்டிருக்கிறோம். அவற்றில் அறிவுக் குறைவைக் காண்பது அரிது. “உம்மைப் பற்றிக் கூறும்” என்றால் ஊர், பாடசாலை, தந்தையின் தொழில் என்று அடுக்கி, தான் செய்யக்கூடியது யாது என்பதைச் சொல்லாமலே ஒருவர் நிறுத்திவிடுகிறார். இறுதியாண்டு ஆய்வின் தலைப்பை ஆங்கிலத்தில் பிழையின்றி ஒப்புவித்த வேறொருவருக்கு, அதனால் யாருக்கு என்ன பயன் என்ற அடுத்த வினா பெருஞ்சுவராகி விடுகிறது. இன்னொருவரோ, தாமே இரவு பகலாக உழைத்துச் செய்த வேலையை அடக்கத்தின் பொருட்டு “நாங்கள் செய்தோம்” என்கிறார். கேட்போர், இவர் கூட்டத்தில் நின்றவர் போலும் என்று எண்ணிக்கொள்கின்றனர். நம்மிடம் ஏதும் கேட்க விரும்புகிறீரா என்ற கடைசி வினாவுக்குப் பெரும்பாலோரின் விடை மௌனம். பெரியோர் முன் பேசாதிருப்பதே மரியாதை என்று வகுப்பறையிற் பதினைந்து ஆண்டுகள் பழக்கிவிட்டு, பதினாறாவது ஆண்டில் மேசைக்கு அப்பால் இருக்கும் மூவரிடம் சரளமாகப் பேசு என்றால் எப்படிப் பேசுவான்? பழியிற் பாதி பள்ளிக்கூடங்களுடையது.

ஆகவேதான் இத்தோல்விகளை மாணவப் பருவத்திலேயே தேடிச் செல்க என்கிறோம். தொழிற்பயிற்சிக்காகவும் விடுமுறைக்கால வேலைக்காகவும் நடைபெறும் நேர்முகத்தில் தவறினால் நட்டம் ஒரு பேருந்துச் சீட்டும் ஓர் இரவுத் தூக்கமுமே. பட்டம் பெற்று, வேலைக்காகக் காத்திருந்து, தங்கையின் திருமணமும் வீட்டுக் கடனும் தோளில் ஏறிய பின்னர் முதன்முறை தவறுவது அவ்வளவு மலிவன்று. 2017 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன் வேலையற்ற பட்டதாரிகள் நாட்கணக்கில் இருந்த காட்சியை நாடு மறந்திராது.

இங்கே ஒரு தடை எழும். தவறியவனிடம் குற்றம் தேடுகிறீர்களே, தமிழன் என்பதற்காகத் தள்ளப்பட்டவன் இல்லையா என்று கேட்பர். உண்டு. 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் நம்மவர் எத்தனை பேரின் உத்தியோக வாழ்வை முறித்தது என்பதை எமக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் வழக்கைப் பாருங்கள். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையால் 1962 இல் அவரது சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. எந்நாளில், எச்சுற்றறிக்கையால், எவ்வுயர்வு மறுக்கப்பட்டது என்று அவரால் காட்ட முடிந்தது. 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக வழக்காட உரிமையுடையவன் என்று 1969 இல் கோமறைக் கழகம் கூறிற்று. அநீதியையும் ஆயத்தக் குறைவையும் ஒரே மூட்டையிற் கட்டி “எல்லாம் பாகுபாடுதான்” என்று மூலையிற் போடுவோர்க்கு, திருத்தவும் முடியாது, வழக்காடவும் முடியாது.

கணக்கு வைப்பது கடினமன்று. திரும்பும் பேருந்திலேயே, கேட்கப்பட்ட வினாக்களையும் தாம் கூறிய விடைகளையும், எந்த இடத்தில் அவர்களின் முகம் மாறியது என்பதையும் ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். மறுநாள் விடிந்தால் மனம் கதையை மாற்றிவிடும். அத்தாள்களைப் பெயர் நீக்கிச் சனசமூக நிலையங்கள் சேர்த்து வைக்கலாம். ஓய்வுபெற்ற அதிகாரிகள் நிறைந்த நம் பழைய மாணவர் சங்கங்கள், ஆண்டு விருந்துக்குச் செலவிடும் ஒரு மாலையை ஒத்திகை நேர்முகத்துக்குச் செலவிடலாம்.

அரசாங்க நேர்முகமாயின் இன்னும் ஒரு படி செல்லலாம். ‘பொது நேர்முகப் பரீட்சை’ எனப்படுவது சான்றிதழ்களைச் சரிபார்ப்பது, அதற்குப் புள்ளியில்லை. ‘கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை’க்கே புள்ளி உண்டு. இரண்டையும் வேறுபடுத்தி அறியாமல் வருந்துவோர் பலர். புள்ளியிடப்பட்ட நேர்முகத்தில் தவறியவர், தமக்கு எதற்கு எத்தனை புள்ளி கிடைத்தது என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்நிறுவனத்தின் தகவல் அலுவலரைத் தமிழிலேயே எழுத்து மூலம் கேட்கலாம். கேட்டதைத் தருவதா மறுப்பதா என்ற முடிவைப் 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவித்தாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடும், அதன் பின் ஆணைக்குழுவும் உண்டு. இவ்வாண்டு தவறிய பிள்ளைகள் அக்கடிதத்தை இந்த வாரமே எழுதுவார்களாக.